திடல் புதுப்பிப்பு: கிளப் உரிமையாளரிடம் நம் கேள்விகள்

பனைமரத்தடி:

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது நம் கால்பந்துக் கிளப் ஆடுகிற திடலின் கேட்டில், அதைப் புதுப்பிக்கப் போகிற படத்தோடு ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்காக அதில் இருப்பதைச் சொல்கிறேன். தரை முழுக்கப் பச்சை டர்ஃப், அதாவது செயற்கைப் புல். நாலு மூலையிலும் ஃபிளட் லைட். மேற்குப் பக்கம் இரும்புக் கேலரி. வடக்கே ரோட்டோரமாக ஒரே வரிசையில் கடைகள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. பெரியபட்டினத்திலிருந்து கீழக்கரை வரை இப்படி ஒரு கிரவுண்டு கிடையாது, வந்தால் நமக்குப் பெருமைதான்.

ஆனால் எப்போது முடியும், பணம் எங்கிருந்து வருகிறது, அதுவரை பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள், இதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வியும் இல்லை: கட்டி முடித்த பிறகு இந்தத் திடலில் கிளப்புக்கு என்ன உரிமை?

பழைய ஆட்களுக்குத் தெரியும். இந்த நிலம் ஒரு குடும்பத்தின் பனந்தோப்பாக இருந்தது. மரம் பட்டுப்போன பக்கத்தில் பையன்கள் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள், அந்த வீட்டுப் பெரியவரும் ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எல்லாம் வாய் வார்த்தை. வாரிசுகள் விற்க வந்தபோது நம் கிளப் உரிமையாளர் காக்கா (நம் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிரயம் வாங்கினார். அவர் வாங்கியிராவிட்டால் அன்றைக்கே பிளாட் போட்டிருப்பார்கள். கிளப்பை அவர் எடுத்த பிறகுதான் கோச்சுக்கு மாதச் சம்பளம் வந்தது, பையன்களுக்கு ஒழுங்கான பூட்ஸ் வந்தது. அந்த நன்றி எல்லோருக்கும் உண்டு. இருந்தாலும் பட்டா அவர் பெயரில் இருக்கிறது, கிளப்பின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாளைக்கு அவர் தொழிலில் ஒரு நெருக்கடி வந்தாலோ, அவருக்குப் பிறகு பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்தாலோ நாம் எங்கே போய் நிற்போம்?

நேரில் பேசினால் பாதி மறந்துவிடும், எழுத்தில் கேட்டால் பதில் சொல்கிறேன் என்று காக்கா சொல்லியிருக்கிறார். அதனால் மரியாதையாக, விஷயத்தை மட்டும் கேளுங்கள்.

ஸ்டாப்பர்பேக்:

என் கேள்வி ஒன்றே ஒன்று. கடை வரிசை போக மிச்சம் இருக்கும் ஆடுகளத்தின் நீளம் என்ன?

லெவன்ஸ், அதாவது பக்கத்துக்குப் பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஆட்ட விதிப்படி நீளம் குறைந்தது 90 மீட்டர், அகலம் குறைந்தது 45 மீட்டர் இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் 105-க்கு 68 போடுவார்கள். நம் திடலில் இப்போது கோல் லைனிலிருந்து கோல் லைன் வரை நூறு மீட்டர் இருக்கும். வடக்கு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம் கொஞ்சம்தான். கடை, அதற்கு முன்னால் வண்டி நிறுத்த இடம், பின்னால் ஒரு சுவர் என்று போட்டால் கோல் லைனை உள்ளே தள்ளியே ஆக வேண்டும். 90-க்குக் கீழே போய்விட்டால் இது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கிரவுண்டு. அப்புறம் எந்தக் காலத்திலும் லெவன்ஸ் லீக் இங்கே நடக்காது. நம் பையன்கள் ஜில்லா டீம் செலக்‌ஷனுக்குப் போகும்போது பெரிய களத்தில் ஓடிப் பழக்கமில்லாமல் போய் நிற்பார்கள். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்துக்கு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய்ப் பழக முடியுமா?

கச்சான்:

எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஊரில் ஒருத்தர் கைக்காசைப் போட்டு நல்லது செய்ய வருகிறார், உடனே பத்திரம் எங்கே, பட்டா எங்கே என்று நிற்கிறோம். அவர் மனம் வெறுத்துப் போனால் கோச்சுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கரண்ட் பில்லை யார் கட்டுவது? நம்பிக்கை என்று ஒன்று வேண்டும்.

பனைமரத்தடி:

கச்சான், கோபப்படாதீர்கள். அவரை நம்புவதால்தான் அவரிடமே கேட்கிறோம். நம்பாதவர்கள் வாய் திறக்காமல் வேறு கிளப்புக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் மனிதரை நம்புவது வேறு, நிலத்தைப் பாதுகாப்பது வேறு. இங்கிலாந்தில் பிரைட்டன் கிளப்புக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோல்ட்ஸ்டோன் கிரவுண்டு என்பது அவர்கள் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆடிய இடம். கடன் இருக்கிறது என்று சொல்லி 1995-ல் கிளப்பை நடத்தியவர்கள் அதை விற்றார்கள். அடுத்து எங்கே ஆடப் போகிறோம் என்பதற்கு ஏற்பாடே இல்லை. விற்ற லாபத்தை இயக்குநர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கிளப்பின் விதியில் ஒரு வரி இருந்திருக்கிறது. அந்த வரியை நீக்கியிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தது ரசிகர்கள்தான், ஆவணங்களை எடுத்துப் படித்து. 1997 ஏப்ரலில் அங்கே கடைசி ஆட்டம். இப்போது அந்த இடத்தில் கடை வளாகம் இருக்கிறது.

அடுத்த இரண்டு சீசன் அவர்கள் சொந்த ஊர் ஆட்டத்தை கில்லிங்ஹாமில் ஆடினார்கள். நாம் ராமநாதபுரத்தில் வண்டி ஏறி மதுரை போகிற தூரம், ஏறக்குறைய அதே. சொந்த ஊர் ஆட்டத்துக்கு! அப்புறம் ஒரு தடகள மைதானத்தில் பன்னிரண்டு வருடம் ஒண்டிக்கொண்டு இருந்தார்கள். புது மைதானம் கிடைத்தது 2011-ல். இன்றைக்கு பிரீமியர் லீகில் அவர்களைப் பார்த்து எல்லோரும் புகழ்கிறார்கள், நடுவில் போன பதினான்கு வருடத்தை யாரும் பேசுவதில்லை. அந்த வருடங்களில் வளர்ந்த ஊர்ப் பையன்களுக்கு நடந்து போகிற தூரத்தில் கிளப் இல்லை.

இவ்வளவு பட்ட பிறகுதான் அந்த நாட்டில் சட்டம் வந்தது. 2025-ல் கொண்டுவந்த கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, கிளப் தன் மைதானத்தை விற்கவோ இடம் மாறவோ நினைத்தால் தனி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும், ரசிகர்களிடமும் கலந்து பேச வேண்டும். நமக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. நாமாக எழுதி வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

கிளப் உரிமையாளர்:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம். எல்லாவற்றையும் படித்தேன். கச்சான் தம்பிக்கு என் மேல் உள்ள அன்புக்கு நன்றி, ஆனால் மற்றவர்கள் கேட்பதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்கட்டும்.

முதலில் பணம். பாதி என் சொந்தப் பணம், மீதிக்கு வங்கிக் கடன் பேசிக்கொண்டிருக்கிறேன். கடைகள் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். ஃபிளட் லைட் போட்டுவிட்டால் மாதா மாதம் மின்சாரக் கட்டணம் வரும். டர்ஃபை எட்டுப் பத்து வருடத்தில் உரித்துவிட்டுப் புதுசு போட வேண்டும். கோச், காவலாளி, குழந்தைகளுக்கு மருத்துவச் செலவு. இதற்கெல்லாம் ஒவ்வொரு மாதமும் என் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிளப் எனக்கு வேண்டாம். நான் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். அதற்கு வாடகை வருமானம் வேண்டும். கடை வாடகை முழுக்க கிளப் கணக்குக்கே போகும்.

ஆடுகள நீளத்தை இன்ஜினீயரிடம் கேட்டுச் சொல்கிறேன். நிலம் பற்றி: வாங்கியது நான், விற்கிற எண்ணம் கிடையாது. இந்த வார்த்தை போதும் என்று நினைக்கிறேன்.

பத்திர_எழுத்து:

காக்கா, நான் சார் பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். உங்கள் வார்த்தையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் எழுதிய பதிலில் வங்கிக் கடன் என்ற ஒரு சொல் இருக்கிறது. என் தூக்கம் அதில்தான் போனது.

வங்கி சும்மா கொடுக்காது, அடமானம் கேட்கும். எதை வைப்பீர்கள்? திடலை வைத்தால், கடன் தவறும் நாளில் வங்கி ஏலம் விடும். ஏலம் எடுத்தவரிடம் போய் உரிமையாளர் வாக்குக் கொடுத்தார் என்று சொன்னால் அவர் காதில் வாங்க மாட்டார்.

இதில் எது முந்தி, எது பிந்தி என்பதுதான் எல்லாம். முதலில் கிளப்புக்கு நீண்ட காலக் குத்தகையைப் பதிவு செய்துவிட்டு, பிறகு நிலத்தை அடமானம் வைத்தால், நிலம் யார் கைக்குப் போனாலும் குத்தகைக் காலம் முடியும் வரை அவர் கிளப்பை வெளியேற்ற முடியாது. வங்கியும் அதைத் தெரிந்துகொண்டுதான் கடன் கொடுக்கும். தலைகீழாகச் செய்தால், அதாவது அடமானம் முதலில், குத்தகை பிறகு என்றால், அந்தக் குத்தகை வங்கிக்கு எதிராக நிற்பது கஷ்டம். காகிதம் அதே காகிதம்தான், தேதி மாறினால் பலன் மாறிவிடும்.

இன்னொன்று. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு பீரோவில் வைப்பது செல்லாது. முப்பது வருடத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வை ஏறும், அதனால் 29 வருடம் என்று எழுதுவது வழக்கம். குத்தகை வாங்குகிற கிளப்பும் சும்மா ஒரு பெயர்ப் பலகையாக இருக்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கமாக இருக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்டியிருக்க வேண்டும். நம் சங்கப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று செயலாளர் பார்த்துச் சொல்லட்டும்.

சேதுக்கரைப்பையன்:

இப்போது நிலத்தின் மேல் அடமானம் ஏதும் இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

பத்திர_எழுத்து:

முடியும். சர்வே நம்பர் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று யாரும் பார்க்கலாம். நாளைக்குப் பார்த்துப் போடுகிறேன். ஆனால் பத்திரத்தை மட்டும் வங்கியில் கொடுத்துப் பதிவில்லாமல் கடன் வாங்கியிருந்தால் சில சமயம் அதில் தெரியாது. அதனால் மூலப் பத்திரம் காக்கா கையில் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

துபாய்டூட்டி:

நான் ஷார்ஜாவில் இரும்புக் கட்டுமான வேலையில் ஃபோர்மேன். ஊர் சத்திரக்குடி பக்கம், மாமியார் வீடு உங்கள் ஊரில். அதனால் இந்தத் திடலில் ஆட்டம் பார்த்திருக்கிறேன்.

இரும்புக் கேலரி என்று படத்தில் பார்த்ததும் எனக்கு பாம்பன் பாலம்தான் ஞாபகம் வந்தது. 1914-ல் திறந்த பழைய பாலத்தை உப்புக் காற்று என்ன செய்தது என்று இந்தக் கரையில் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். எத்தனை பெயின்ட், எத்தனை தடவை தகடு மாற்றினார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் கடலோரத்துக்கென்று உள்ள பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் கேலரிக்கு என்ன இரும்பு போடப் போகிறார்கள்?

காக்கா, கான்ட்ராக்டரிடம் இதைக் கேளுங்கள். துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்த இரும்பா, அல்லது ரெட் ஆக்சைடு அடித்து மேலே ஒரு கோட் பெயின்ட்டா? வெல்டிங் எல்லாம் முக்குவதற்கு முன்னாலா, இங்கே கொண்டு வந்து நிறுத்திய பிறகா? சைட்டில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், முதல் துரு அங்கேதான் வரும். போல்ட் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். குழாய்க் கம்பிகளின் முனை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கி வெளியே தெரியாமல் அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், ஒரு நாள் கால் வைத்தால் உள்ளே போகும். தூண் அடியில் தண்ணீர் நிற்காதபடி கான்கிரீட்டை மேட்டாக வைக்க வேண்டும். வாடைக் காலத்தில் அந்த மேற்கு ஓரம் குளமாக நிற்பது உங்களுக்கே தெரியும்.

வாசல் பற்றியும் சொல்கிறேன். 1985 மே 11 அன்று இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு கிளப்பின் மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பலகைக்கு அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்த குப்பை பற்றிக்கொண்டது. பின்பக்கக் கதவுகள் பூட்டியிருந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2022 மார்ச்சில் மலப்புரத்தில் செவன்ஸ் ஆட்டத்துக்குக் கட்டிய தற்காலிக கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அடி. நம் படத்தில் கேலரிக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் வரைந்திருக்கிறது. ஃபைனல் அன்றைக்கு அந்த ஒரு படியில் எத்தனை பேர் இறங்குவார்கள்? இரண்டு பக்கமும் வழி வேண்டும், ஆட்டம் நடக்கும்போது பூட்டுப் போடவே கூடாது.

இடதுவிங்:

நான் பெண்கள் டீமில் ஆடுகிறேன். எங்களையும் சேர்த்துத்தான் கிளப் என்றால் எங்கள் கேள்விகளும் இருக்கட்டும்.

திடலில் இன்று வரை பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பிராக்டிஸ் முடியும் வரை தண்ணீர் குடிக்காமல் ஆடுகிற பிள்ளைகள் எங்கள் டீமில் இருக்கிறார்கள். மே மாத வெயிலில் இதை நினைத்துப் பாருங்கள். புதுப் படத்திலும் கேலரிக்கு அடியில் ஒரே ஒரு ரூம், டிரெஸ்ஸிங் ரூம் என்று போட்டிருக்கிறது. அது யாருக்கு?

அடுத்தது டர்ஃப். செயற்கைப் புல் வெயிலில் மண்ணைவிட, நிஜப் புல்லைவிட ரொம்ப அதிகமாகச் சுடும். உச்சி வெயிலில் 60 டிகிரிக்கு மேல் போகும். கறுப்பு ரப்பர் தூள் போட்டால் இன்னும் மோசம். எங்களுக்கு இப்போது கொடுத்திருக்கும் நேரம் மதியம் மூன்று மணி, ஏனென்றால் ஐந்து மணிக்கு மேல் ஆண்கள். டர்ஃப் வந்த பிறகும் அதே மூன்று மணி என்றால் நாங்கள் ஆட முடியாது. ஃபிளட் லைட் வந்தால் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அந்தக் கூடுதல் நேரத்தில் எங்களுக்கு எது என்று இப்போதே எழுதிவிடுங்கள். மாலை நேரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடப் போவதாகவும் பேச்சு இருக்கிறது. அப்படியானால் கிளப் பிள்ளைகளுக்கு மிச்சம் என்ன?

பாசிக்கரை:

அந்த ரப்பர் தூள் பற்றி நானும் சொல்ல நினைத்தேன். எங்கள் வீட்டில் அம்மா, அத்தை எல்லாம் கடலில் பாசி எடுக்கிறவர்கள். டர்ஃபில் புல்லுக்கு இடையே கொட்டுகிற அந்தத் தூள் பழைய டயரை அரைத்தது. மழையில் கரைந்து போகாது, அப்படியே அடித்துக்கொண்டு ஓடும். திடலின் தெற்கு மூலையில் இருக்கிற ஓடை நேராகக் கடலுக்குத்தான் போகிறது. ஐரோப்பாவில் 2023-ல் நுண்பிளாஸ்டிக் சட்டம் கொண்டுவந்து, இந்தத் தூளை விற்பதை நிறுத்த எட்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வேண்டாம் என்று ஒதுக்குவதை இங்கே மன்னார் வளைகுடா ஓரத்தில் கொண்டுவந்து கொட்ட வேண்டுமா? எதிரே இருக்கிற 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. தேங்காய் நார், கார்க் மாதிரி வேறு நிரப்புகள் இருக்கின்றன. அல்லது புல்லே வளர்க்கலாம், நல்ல தண்ணீர் கிடைத்தால்.

அப்புறம், ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட 2011-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில் தடை போட்டிருந்தார்கள், 2019-ல் வந்த புது அறிவிப்பில் நம் ஊருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கிழக்குச் சுவரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று யாராவது அளந்தார்களா? கேலரி மேற்கே என்பதால் தப்பலாம், கிழக்கு ஃபிளட் லைட் தூண்கள் தப்புமா என்று தெரிந்தாக வேண்டும். கட்டிய பிறகு நோட்டீஸ் வந்தால் நஷ்டம் கிளப்புக்குத்தான்.

வல்லத்துக்காரன்:

அண்ணே, நான் படிச்சவன் இல்லை, விசைப்படகில் போகிறவன். எங்கள் டோர்னமெண்ட் எப்போது நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், நாங்களும் கரையில். அந்த 61 நாளில்தான் கடற்கரை ஊர் டீம் எல்லாம் சேர்ந்து ஆடும், குடும்பத்தோடு வந்து பார்ப்போம். அந்த நாளில் கையில் காசு இருக்காது. அரசு கொடுக்கிற நிவாரணத்தில் வீடு ஓடும். இதுவரை துண்டு விரித்தார்கள், முடிந்ததைப் போட்டோம். கேலரி வந்தால் டிக்கெட்டா? எவ்வளவு? எங்கள் ஆட்கள் வெளியே நின்று சுவர் வழியாக எட்டிப் பார்க்க வேண்டி வருமா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஸ்டாப்பர்பேக்:

வல்லத்துக்காரன் கேட்டது நியாயம். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் புதிய கேலரியில் சில சீட்டுக்கு 77 பவுண்டு என்று அறிவித்தது. சண்டர்லேண்டுடன் ஆட்டம் நடக்கும்போது 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னணியில் இருந்தது, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைக் கைவிட்டார்கள். புதிதாகக் கட்டுகிற எல்லா இடத்திலும் முதலில் வெளியே போவது காலம் காலமாக வந்த ஏழை ரசிகன்தான். தெற்குப் பக்கம் மண் மேடு இப்படியே இருக்கட்டும், அங்கே எப்போதும் இலவசம் என்று எழுதிவிடுங்கள்.

கிளப் உரிமையாளர்:

இரண்டு நாளாக இன்ஜினீயரோடும் கான்ட்ராக்டரோடும் உட்கார்ந்து பேசினேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேலரி இரும்பு: கான்ட்ராக்டர் பெயின்ட் மட்டும்தான் போட்டிருந்தார். துபாய்டூட்டி தம்பி சொன்னதைக் காட்டினேன். துத்தநாகம் முக்கிய இரும்புக்கு மறு விலை கேட்டிருக்கிறேன். இரண்டு படிக்கட்டு சரி. பூட்டு இருக்காது.

பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், கேலரிக்கு முன்னால் இதுதான் கட்டப்படும். வாரத்தில் மூன்று நாள் மாலை 5 முதல் 6.30 வரை பெண்கள் டீமுக்கு. வாடகைக்கு விடுவது இரவு 8 மணிக்குப் பிறகு மட்டும்.

டிக்கெட்: தடைக்கால டோர்னமெண்டுக்கு எந்தப் பக்கமும் டிக்கெட் கிடையாது. தெற்கு மேடு எப்போதும் இலவசம்.

ரப்பர் தூள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாரா கார்க்கா என்பதை விலை பார்த்துச் சொல்கிறேன். கடலோர விதிக்கு மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கிழக்குத் தூண்கள்.

வேலை நடக்கும் காலத்தில் ஆட அரசுப் பள்ளி மைதானத்தைக் கேட்டிருக்கிறேன். எட்டு மாதத்தில் முடிக்கலாம் என்கிறார் கான்ட்ராக்டர்.

ஆடுகளம் இன்ஜினீயர் வரைபடத்தில் 88 மீட்டர் வருகிறது. கடையைக் குறைத்தால் வாடகை குறையும். யோசிக்கிறேன்.

நிலத்துக்கு 15 வருடக் குத்தகை எழுதித் தர ஒப்புக்கொள்கிறேன். கடன் வாங்கியதும் எழுதலாம்.

சேதுக்கரைப்பையன்:

எட்டு மாதம் என்று எழுத்தில் இருக்கட்டும் காக்கா. பார்சிலோனா மாதிரி கிளப்பே புதுப்பித்துக்கொண்டிருந்த தன் மைதானம் கேம்ப் நூவுக்கு 2024 நவம்பரில் திரும்பிவிடுவோம் என்று சொல்லி, 2025 நவம்பரில்தான் திரும்பியது. அவர்களுக்கு ஆட மோன்ஜுவிக் மைதானம் இருந்தது. நமக்குப் பள்ளிக்கூட மைதானம், பரீட்சை வந்தால் அதுவும் இல்லை. பாதிப் பாதியாக வேலை செய்ய முடியாதா? கேலரியும் கழிப்பறையும் கட்டும்போது ஆடுகளத்தைத் தொடாமல் விடலாமே.

பத்திர_எழுத்து:

முதலில் செய்தி. வில்லங்கம் பார்த்தேன். காக்கா பெயரில் கிரயம் இருக்கிறது, அதற்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை. அடமானம் இல்லை. நேற்று நேரில் போனேன், மூலப் பத்திரத்தையும் எடுத்துக் காட்டினார். மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் காக்கா, நீங்கள் எழுதிய கடைசி வரியை மட்டும் மாற்ற வேண்டும். கடன் வாங்கியதும் குத்தகை என்றால் முன்னால் நான் சொன்ன அதே ஆபத்து. குத்தகை முதலில் பதிவாகட்டும், பிறகு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். நாள் வித்தியாசம் ஒரு வாரம் இருந்தாலும் போதும்.

பனைமரத்தடி:

காக்கா இறங்கி வந்திருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். நான் இரண்டு விஷயத்தில் மட்டும் இன்னும் நிற்கிறேன்.

பதினைந்து வருடம் போதாது. டர்ஃபை இரண்டாவது தடவை மாற்றுவதற்குள் குத்தகை முடிந்துவிடும். இன்றைக்குப் பிறக்கிற குழந்தை பத்தாவது படிக்கும்போது திரும்பவும் நாம் இதே கேள்வியோடு நிற்போம். 29 வருடம் வேண்டும்.

செல்சியில் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். அந்த லண்டன் கிளப் ஆடுகிற ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தின் நிலம் செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற ரசிகர் நிறுவனத்திடம் இருக்கிறது. 1993-ல் நூறு பவுண்டு பங்காக விற்று ஆரம்பித்தது. செல்சி எஃப்சி என்ற பெயரும் அவர்கள் கையில்தான். வேறு இடத்துக்குப் போனால் பெயரைக் கொண்டுபோக அவர்கள் சம்மதம் வேண்டும். உலகக் கோடீஸ்வரர் அப்ராமோவிச் உரிமையாளராக இருந்த காலத்தில், 2011 அக்டோபரில், கிளப் அந்த நிலத்தைத் திரும்ப வாங்கக் கேட்டது. 75 சதவீதம் ஓட்டு வேண்டும். 61.6 தான் கிடைத்தது. கொடுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, அடுத்த மே மாதமே சாம்பியன்ஸ் லீகும் ஜெயித்தார்கள். கச்சான், நீங்கள் பயந்த மாதிரி கேள்வி கேட்டதால் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை.

நிலத்தைக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது உங்கள் உழைப்பில் வாங்கியது. ஆடுகிற உரிமையைத்தான் கேட்கிறோம்.

கச்சான்:

நான் முதலில் எழுதியதில் காக்கா மனம் நோகக் கூடாது என்பதுதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குத்தகை முதலில் என்பது எனக்கும் சரியாகப் படுகிறது. பத்திரச் செலவுக்கு ஊரில் வசூல் செய்யலாம், என் பங்கு ஆயிரம் ரூபாய்.

வல்லத்துக்காரன்:

எங்கள் சங்கத்திலும் பேசுகிறேன்.

கிளப் உரிமையாளர்:

கடைகளை அடிப்படையிலிருந்து மறுபடி வரையச் சொல்லிவிட்டேன். பின்சுவரை ஒதுக்கி, ஆழத்தைக் குறைத்தால் களம் 92 மீட்டர் வரும் என்கிறார் இன்ஜினீயர். லெவன்ஸ் இருக்கட்டும். நானும் இந்த மண்ணில் ரைட் பேக் ஆடியவன்தான்.

குத்தகை முதலில், கடன் பிறகு. ஒப்புக்கொள்கிறேன். வங்கி மேனேஜர் முகம் சுளிக்கிறார், பேசிக்கொள்கிறேன்.

29 வருடம் பற்றி வீட்டில் பேச வேண்டும். என் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டால்தான் நாளைக்குப் பிரச்சினை வராது, மூத்தவன் ரியாத்தில் இருக்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் சொல்கிறேன். அதுவரை ஒரு குழி கூடத் தோண்ட மாட்டார்கள்.

ஸ்டாப்பர்பேக்:

92 என்பது வரைபடத்தில். தரையில் எவ்வளவு என்று நாமே பார்ப்போம். ஞாயிறு ஃபஜர் தொழுகை முடிந்து ஆறரைக்குத் திடலில் இருங்கள். ஐம்பது மீட்டர் டேப் என்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னொன்று யாராவது கொண்டு வாருங்கள். கோல் லைன், கடைக்கோடு, கிழக்குச் சுவர் மூன்றுக்கும் முளை அடித்துச் சுண்ணாம்பு போட்டுவிடலாம். இன்ஜினீயரையும் வரச் சொல்லுங்கள் காக்கா.

இடதுவிங்:

நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். கழிப்பறைக்கு இடம் எது என்றும் அன்றைக்கே குறித்துவிடலாம். டேப் ஸ்கூல் பி.டி. டீச்சரிடம் இருக்கிறது, வாங்கி வருகிறேன்.